விளம்பரத்தில் கரண்டி யார் கையில்?

காரைக்குடிப் பக்கம் ஏழாம், எட்டாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. பழைய நாளிதழ்களிலிருந்து மசாலாத்தூள், சோப்புத்தூள், பைக், வங்கிக் கடன் விளம்பரங்களை வெட்டி வரச் சொல்லுங்கள். சமைப்பது யார், சாப்பிட்டுப் பாராட்டுவது யார், கையெழுத்துப் போடுவது யார், ஆணா பெண்ணா என்று எண்ணிக் கரும்பலகையில் எழுதட்டும். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கும் இது தோது; எழுத்து பெரிது, வாக்கியம் சின்னது.

அப்புறம் ஒரு கேள்வி: நம்ம ஊர்க் கல்யாணத்தில் அண்டா முன்னால் நின்று கிண்டுவது யார்? பெரும்பாலும் ஆண்கள்தானே! செட்டியார்கள் பர்மா, மலேயா என்று தொழிலுக்குப் போன காலத்தில் வீட்டு வரவு செலவைக் கவனித்தது அந்த வீட்டுப் பெண்களான ஆச்சிகள். இதைப் பாட்டியிடம் கேட்டு எழுதி வரச் சொன்னால் எழுத்துப் பயிற்சியும் ஆயிற்று.

பெண் சமைப்பதைக் காட்டுவதே தப்பு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அப்படிச் சொல்லவில்லை; சமையல் பெண்ணுக்கு மட்டுமே உரிய வேலை என்று காட்டக் கூடாது என்கிறது, அவ்வளவுதான்.

சரி, கடைசியில் ஒரு விளம்பரத்தை ஆண், பெண் இடம் மாற்றி எழுதி வாசிக்கச் சொல்லுங்கள். வகுப்பு சிரிக்கும் வரியில் நிறுத்தி, ஏன் சிரித்தோம் என்று கேளுங்கள்.