கொரோனா மாதிரி ஒரு தொற்று வந்தால் சர்க்கரை, பிரஷர் உள்ள பெரியவர்கள் செய்யக்கூடாத தவறுகள்

2020 மே மாதத் தொடக்கத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பியவர்கள் மூலம் கடலூர் மாவட்டத்தில் கொரோனா வேகமாகப் பரவியது. கடலூர் திருப்பாப்புலியூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கடை வாசலில் கயிறு கட்டி, சுண்ணாம்பால் வட்டம் போட்டு, ஒவ்வொருவராக வரச் சொன்ன நாட்கள் அவை. மாதம் பிறந்தால் தவறாமல் மாத்திரை வாங்க வருகிற பெரியவர்கள் பலரை அப்போது காணவில்லை. வந்தவர்களும் சானிடைசர், விட்டமின் மாத்திரை, கபசுரக் குடிநீர்ப் பொடி என்றுதான் கேட்டார்கள். "ஐயா, பிரஷர் மாத்திரை தீர்ந்திருக்குமே?" என்று கேட்டால், "அது கெடக்கட்டும் தம்பி, மொதல்ல இந்தக் கொரோனா போகட்டும்" என்பார்கள்.

தவறு அங்கேதான் தொடங்கியது. சர்க்கரை ஏறிக் கிடந்தால் கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்கள் சரியாக வேலை செய்யாது. இதயம் ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதை அதனால் தாங்க முடியாது. பழைய நோயைக் கட்டுக்குள் வைப்பதும் புதிய நோய்க்கு எதிரான பாதுகாப்புதான். முகக்கவசத்துக்குக் கொடுக்கும் இடத்தை காலை மாத்திரைக்கும் கொடுக்க வேண்டும்.

ஊரடங்கில் கடைக்கு வர முடியாமல் பலர் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டார்கள், சிலர் ஒருநாள் விட்டு ஒருநாள். அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற பிரஷர் மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் இதயத் துடிப்பும் பிரஷரும் எகிறும், நெஞ்சுவலிகூட வரலாம். போதாக்குறைக்கு, சில வகை பிரஷர் மாத்திரைகள் கொரோனாவை வரவழைக்கும் என்று அப்போது ஒரு பேச்சு பரவியது. இதய மருத்துவர் சங்கங்கள் நிறுத்தக்கூடாது என்று தெளிவாகச் சொன்ன பிறகும் அந்தப் பயம் போகவில்லை. கையில் எப்போதும் ஒரு மாதத்துக்கு மேல் மாத்திரை இருக்கும்படி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெளியே போக முடியாவிட்டால் அரசின் இ-சஞ்சீவனி இணையச் சேவையில் வீட்டிலிருந்தே மருத்துவரிடம் பேசலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் மூலம் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் பகுதி செவிலியரிடம் பெயரைப் பதிந்து வையுங்கள்.

அடுத்தது ஆஸ்பத்திரிப் பயம். போனால் கொரோனா ஒட்டிக்கொள்ளும் என்ற பயத்தில் நெஞ்சுவலியை வாயுப்பிடிப்பு என்று சொல்லி ஓமத்தண்ணீர் குடித்துப் படுத்தவர்களை எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் ஒரு அம்மா இரண்டு நாள் அப்படிக் கிடந்தார். மூன்றாம் நாள் கொண்டுபோனபோது இதயத்தின் ஒரு பகுதி செயலிழந்துவிட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல வருடம் சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமல் வரலாம். காரணமில்லாத வியர்வை, மூச்சு வாங்குதல், தலைசுற்றல் வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். வாய் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ அதே 108தான். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குச் சுமார் நாலரை மணி நேரம்தான் அவகாசம். டயாலிசிஸ் செய்துகொள்பவர் ஒரு முறையைக்கூடத் தள்ளிப்போடக் கூடாது. நுரையீரலில் நீர் கோக்கும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுபோகலாம்.

கஷாயத்தைப் பற்றிச் சொன்னால் பலருக்கு மனம் வருந்தும். என் அம்மாவும் தினமும் குடித்தவர்தான், நான் தடுக்கவில்லை. ஆனால் கசப்புக்காக அதில் கருப்பட்டியும் தேனும் கலந்து மூன்று வேளை குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். கருப்பட்டி நாட்டுச் சரக்கு, ஒன்றும் செய்யாது என்பது தவறான நம்பிக்கை. அதேபோல அதிமதுரம். தொண்டைக்கு இதமாக இருக்கிறது என்று தினமும் வாரக்கணக்கில் எடுத்தால் பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். இதய நோயாளிகள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கஷாயம் குடிப்பதால் மாத்திரையை விடக்கூடாது, எதைக் குடிக்கிறோம் என்று மருத்துவரிடம் மறைக்கவும் கூடாது. ஆவி பிடிப்பதால் கிருமி சாகாது. கை நடுங்கும் வயதில் கொதிக்கும் பாத்திரத்தின் மேல் குனிந்து முகமும் மடியும் வெந்துபோனவர்கள் களிம்பு கேட்டு என் கடைக்கு வந்திருக்கிறார்கள்.

மூக்குக்குக் கீழே இறங்கிய முகக்கவசம், வால்வு வைத்த முகக்கவசம் இரண்டும் வேண்டாம். வால்வு வழியாக நம் மூச்சு வடிகட்டாமல் வெளியே போகும். வீட்டுப் பெரியவருக்குத் தொற்று பெரும்பாலும் வெளியே போய் வருகிற பிள்ளைகளிடமிருந்தும் பேரப்பிள்ளைகளிடமிருந்தும்தான் வருகிறது. ஜலதோஷம் பிடித்த பேரன் தாத்தாவோடு ஏசி அறையில் கதவைச் சாத்திப் படுக்கக் கூடாது. எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். நம்ம ஊரில் கடல்காற்றுக்குக் குறைவில்லையே. கொசுவலை அடித்துக்கொண்டாவது திறந்து வையுங்கள்.

2021 மே மாதத்தை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. வாட்ஸ்அப்பில் யாருக்கோ எழுதிய மருந்துச் சீட்டைக் காட்டி, டெக்ஸாமெத்தசோன் கொடுங்கள் என்று கேட்டு வந்தார்கள். கொடுக்க மாட்டேன் என்றதும் கோபப்பட்டார்கள். அந்த ஸ்டீராய்டு மருந்து ஆக்சிஜன் தேவைப்படுகிற நோயாளிகளின் உயிரைக் காத்தது என்பதை 2020-இல் பிரிட்டனில் நடந்த ஆய்வு காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. ஸ்டீராய்டு சர்க்கரையைத் தாறுமாறாக ஏற்றும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். அந்த மாதங்களில் கண்ணையும் தாடையையும் பறித்த கருப்புப் பூஞ்சை பெரும்பாலும் சர்க்கரை கட்டுப்படாதவர்களையும் ஸ்டீராய்டு எடுத்தவர்களையும்தான் பிடித்தது. பக்கத்து வீட்டுக்காரர் குணமானார் என்பதற்காக அவர் சீட்டை வாங்காதீர்கள். காய்ச்சலுக்கு மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும். சிறுநீரகம் பழுதானவர்களும் இதயம் பலவீனமானவர்களும் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தானாக வாங்கிப் போடக் கூடாது.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் நல்ல கருவிதான், தப்பாகப் பார்த்தால் ஏமாற்றும். நகத்தில் பாலிஷோ அடர்ந்த மருதாணியோ இருந்தாலும், கை சில்லிட்டிருந்தாலும் எண் மாறும். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, கையைத் தேய்த்துச் சூடாக்கி, எண் நிலைத்தபின் குறித்துக்கொள்ளுங்கள். 95-உம் அதற்கு மேலும் சரி. உட்கார்ந்திருக்கும்போதே 94-க்கோ அதற்குக் கீழேயோ போனால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கொரோனாவில் மூச்சுத் திணறல் தெரியாமலே ஆக்சிஜன் இறங்கும் என்பதால் "எனக்கு நல்லாத்தான் இருக்கு" என்ற பேச்சை மட்டும் நம்ப முடியாது. நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு இயல்பு அளவே குறைவாக இருக்கலாம். நலமாக இருக்கும் நாளிலேயே அவரவர் அளவை மருத்துவரிடம் கேட்டுக் குறித்து வையுங்கள்.

காய்ச்சலில் சாப்பாடு இறங்கவில்லை, அதனால் இன்சுலின் போடவில்லை என்பார்கள். சாப்பிடாவிட்டாலும் காய்ச்சலே சர்க்கரையை ஏற்றும். இன்சுலினை அடியோடு நிறுத்தாமல், அடிக்கடி சர்க்கரையைப் பார்த்து, மருத்துவரிடம் அளவைக் கேளுங்கள். வாந்தி பேதி இருந்தால் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பற்றியும் கேட்க வேண்டும். 2020 நவம்பர் 25 நள்ளிரவில் நிவர் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது கொரோனாவும் இருந்தது, மின்சாரமும் இல்லை. ஃபிரிட்ஜ் ஓடவில்லை என்று இன்சுலினைக் கொட்டிவிட்டவர்கள் உண்டு. தேவையே இல்லை. பயன்படுத்தத் தொடங்கிய குப்பி வெயில் படாத அறையில் சுமார் நாலு வாரம் தாங்கும். அறை புழுங்கினால் டப்பாவில் போட்டு ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் வையுங்கள். ஃபிரீசரில் மட்டும் வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் உதவாது.

"எனக்கு சுகர் இருக்கு, தடுப்பூசி ஒத்துக்காது" என்று சொன்னவர்கள் ஏராளம். 2021 மார்ச் 1 அன்று பொதுமக்களுக்குத் தொடங்கியபோது முதலில் அழைக்கப்பட்டவர்கள் 60 வயதைக் கடந்தவர்களும், நாள்பட்ட நோயுள்ள 45 வயதுக்கு மேற்பட்டவர்களும்தான். ஆபத்து அவர்களுக்கு அதிகம் என்பதே காரணம். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளைப் பற்றியும் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

கடைசியாக ஒரு சின்னக் காகிதம். கொரோனா வார்டுகளில் கூட வருகிறவர்களை உள்ளே விடவில்லை. மயக்கத்தில் போய்ச் சேர்ந்த பெரியவர் என்ன மாத்திரை போடுகிறார் என்று சொல்ல அருகில் ஆள் இல்லாமல், பழைய பில்லைத் தேடி என் கடைக்குப் போன் செய்த மகன்கள் உண்டு. மாத்திரைப் பெயர், அளவு, நேரம், என்னென்ன நோய், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, பார்க்கும் மருத்துவர், வீட்டார் போன் எண் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி, ஒரு பிரதியை அவர் பர்ஸிலும் ஒன்றை மாத்திரை டப்பா மூடியின் உள்பக்கத்திலும் ஒட்டி வையுங்கள். மாத்திரை மாறும்போதெல்லாம் தேதி போட்டுப் புதிதாக எழுதிவிடுங்கள்.