இதய மருந்துப் பாடம்: புள்ளி சேர்ந்தது, மருந்துச்சீட்டு மாறவில்லை

ஆண்டுக் கடைசி நெருங்கினால் கோலாலம்பூர் கிளினிக்குகளில் இது சகஜம். ஆண்டுத் தொழில் சான்றிதழைப் புதுப்பிக்க, டாக்டர்கள் தொடர்ந்து படிப்பதற்குத் தரும் சிபிடி புள்ளி வேண்டும். நோயாளி உள்ளே, இதய மருந்துப் பாடம் கணினியில், சத்தம் மட்டும் அணைத்திருக்கும். அது தவறு என்று ஓட்டுகிறவருக்கே தெரியும். கவனமாக உட்கார்ந்து படிக்கிறவர்களும் சறுக்கும் இடங்கள் வேறு.

ஆய்வின் முடிவைக் குறித்துக்கொண்டு, அது யாரைச் சேர்க்கவில்லை என்று பார்க்காமல் விடுவது முதல் சறுக்கல். 1999இல் வந்த ரேல்ஸ் ஆய்வில், கடுமையான இதயச் செயலிழப்புக்கு ஸ்பைரோனோலாக்டோன் கொடுத்ததில் இறப்பு 30 சதவீதம் குறைந்தது. சராசரி டோஸ் 26 மில்லிகிராம்தான். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் காட்டும் கிரியாட்டினின், லிட்டருக்கு 221 மைக்ரோமோலுக்கு மேல் இருந்தவர்களை எடுக்கவே இல்லை. இந்த மருந்து ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றிவிடும் என்பதால் அதை அடிக்கடி சோதித்தார்கள். கனடாவின் ஒன்டாரியோவில் மருந்து மட்டும் வேகமாகப் பரவியது. அங்கே ஏஸ் தடுப்பான் என்ற இதய மருந்து வகையைச் சாப்பிட்ட முதிய இதயச் செயலிழப்பு நோயாளிகளில், பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 1994இல் ஆயிரத்துக்கு 2.4 பேர்; 2001இல் 11 பேர். மருந்து அதேதான், ரத்தப் பரிசோதனைதான் கூடவே போகவில்லை. மருந்தை எழுதும்போதே ஒரு வாரம், நான்கு வாரம் என்று பரிசோதனைத் தேதியையும் கார்டில் எழுதிவிடுங்கள்.

அடுத்தது, வெளிநாட்டுப் பாடத்தை அப்படியே இங்கே பொருத்துவது. பிரிட்டனிலோ ஆஸ்திரேலியாவிலோ டாக்டர் எழுதியதை மருந்தாளர் இன்னொரு முறை பார்ப்பார். நம் தனியார் கிளினிக்கில் எழுதுவதும் கொடுப்பதும் ஒரே கூரைக்குள். பிரிக்ஃபீல்ட்ஸ் கிளினிக்குக்கு ஓர் அம்மா வருகிறார் என்று வையுங்கள். "முட்டி வலி தாங்கல டாக்டர், ஒரு ஊசி போட்டு விடுங்க." வேறு மருந்து எடுக்கிறீர்களா என்று கேட்டால், "இல்லையே." தேசிய இதய மருத்துவமனையான ஐஜேஎன்னில் கொடுத்த பெரிண்டோபிரில் (ஏஸ் தடுப்பான்), ஃபுரோசமைடு (நீர் மாத்திரை) எல்லாம் அவர் கணக்கில் மருந்தே இல்லை, தினசரி வழக்கம். அதோடு வலி மருந்தான டைக்ளோஃபெனாக் சேர்ந்தால் மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தை அடிக்கும். இது எந்த டாக்டருக்கும் தெரியும். கேட்ட விதம்தான் பிசகு. "வீட்டுல இருக்கிற மாத்திரையெல்லாம் பையோட கொண்டு வாங்கம்மா" என்றால் பாதி விஷயம் வெளியே வரும்.

பையில் ஜாமு என்ற மலாய் நாட்டு மூலிகை மருந்து இருந்தால் இன்னும் உஷாராக வேண்டும். ரகசியமாக டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்த ஜாமு இங்கே பலமுறை பிடிபட்டிருக்கிறது. ரத்த அழுத்தம் ஏறும், உடம்பில் நீர் கோக்கும். ஆண்களுக்கென்று விற்கும் பாக்கெட் காப்பி இன்னும் மோசம். அதில் ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில், டடலாஃபில் மருந்துகள் கலந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. குடித்தவருக்கு நெஞ்சுவலி என்று ரத்தக் குழாயை விரிக்கும் நைட்ரேட் மாத்திரையை நாக்குக்கடியில் வைத்தால் ரத்த அழுத்தம் சடாரென்று விழும். சில்டெனாஃபிலுக்கு 24 மணி நேரம், டடலாஃபிலுக்கு 48 மணி நேரம் இடைவெளி என்று பாடத்தில் இருக்கும், காப்பி இருக்காது. "அந்த மாதிரி காப்பி ஏதாவது குடிச்சீங்களா ஐயா?" என்று மனைவி பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள். இருந்தால் உண்மை வராது.

பயத்தில் டோஸைக் குறைப்பதும் தவறுதான். இதயத் துடிப்பு ஒழுங்கு தப்பும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் அபிக்ஸபானைக் குறைக்க, வயது 80க்குக் குறையாமல், எடை 60 கிலோவுக்கு மேற்படாமல், கிரியாட்டினின் 133 மைக்ரோமோலுக்குக் குறையாமல் என்ற மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். கிரியாட்டினின் ஒன்றை மட்டும் பார்த்துப் பாதியாக்கினால் பக்கவாதத்துக்கு வழிவிட்டது போலாகும்.

கடைசியில் வரும் கேள்வித்தாளைச் சரியான விடை கிடைக்கும்வரை தட்டிக்கொண்டே இருக்கலாம் என்பதால் அந்த மதிப்பெண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அதைவிட, பாடம் முடித்த வாரமே ஸ்பைரோனோலாக்டோன் வாங்குகிற பத்துப் பேரின் கார்டை எடுங்கள். பொட்டாசியம் பார்த்து நான்கு மாதம் தாண்டியவர்களை கவுண்டரிலிருந்து அன்றே போன் போட்டுக் கூப்பிடச் சொல்லுங்கள்.