இணையவழிப் பட்டப்படிப்பில் விடப்படும் பிழைகள்

2020 மார்ச்சில் கொரோனாவால் இலங்கைப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, அவற்றை இணைக்கும் 'லேர்ன்' வலையமைப்பு வழியாக சூம் கிடைத்தது. பல்கலைக்கழகத் தளங்களைப் பார்க்க டேட்டாக் கட்டணமும் அறவிடப்படவில்லை. அந்த ஏற்பாட்டில்தான் யாழ்ப்பாணத்திலும் வகுப்புகள் நடந்தன. இப்போது "ஒன்லைனில் படிப்பித்துப் பழக்கம்தானே, ஒரு பட்டப்படிப்பையே தொடங்கினால் என்ன?" என்ற பேச்சு பீடங்களிலும் தனியார் கல்வி நிறுவனங்களிலும் அடிபடுகிறது.

தாராளமாகத் தொடங்கலாம். ஆனால் அன்று சூமில் இருந்தவர்கள் ஏ/எல் (உயர்தரம்) முடித்து, பல்கலைக்கழக அனுமதிக்கான இசற் புள்ளியோடு வந்த முழுநேர மாணவர்கள். இணையவழிப் பட்டத்துக்கு வரப்போகிறவர் வேறு ஆள். சாவகச்சேரியிலிருந்து தினமும் பஸ் ஏறி நகரத்துக்கு வேலைக்கு வருபவர், வவுனியாவில் வங்கியில் இருப்பவர், முல்லைத்தீவில் படிப்பிக்கும் ஆசிரியை. பெரும்பாலான பிழைகள் இந்த மனிதரின் ஒரு வாரம் எப்படிப் போகும் என்று யாரும் உட்கார்ந்து பார்க்காததால் வருபவை.

மூன்று வருடம் என்று விளம்பரம் போடுவது

இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இலங்கைத் தகைமைக் கட்டமைப்பின்படி ஐந்தாம் மட்டப் பொதுப் பட்டத்துக்கு 90 கிரெடிட், ஆறாம் மட்டச் சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது 50 மணிநேரக் கற்றல். விரிவுரை, வாசிப்பு, ஒப்படை, பரீட்சைக்குப் படிப்பது எல்லாம் அதற்குள் அடங்கும். ஆகப் பொதுப் பட்டத்துக்கு மொத்தம் 4500 மணிநேரம்.

நமது சாவகச்சேரிக்காரர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, பிள்ளைகளின் வீட்டுவேலையைப் பார்த்து முடிக்க இரவு எட்டரை ஆகிவிடும். கிழமை நாட்களில் ஒன்றரை மணிநேரம், சனி ஞாயிறு இரண்டிலும் சேர்த்து ஏழரை மணிநேரம் ஒதுக்கினால் வாரத்துக்குப் பதினைந்து மணிநேரம் தேறும். அதுவே நல்ல வைராக்கியம் உள்ளவருக்குத்தான். நல்லூர்த் திருவிழா, கலியாண வீடு, செத்தவீடு என்று போகும் நாட்களைக் கழித்து, வருடத்தில் 48 வாரம் படிக்கிறார் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 720 மணிநேரம். 4500ஐ அதால் பிரித்தால் ஆறே கால் வருடம்.

மூன்று வருடம் என்று துண்டுப்பிரசுரத்தில் அடித்தால் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, ஆள் பாதியில் நின்றுவிடுவார். மற்றது, நிறுவனம் சத்தமில்லாமல் பாடத்தின் கனத்தைக் குறைத்துவிடும். அதனால் முழுநேர வேகம், அரைநேர வேகம் என்று ஆரம்பத்திலேயே இரண்டு பாதை வையுங்கள். ஒரு தவணைக்கு இரண்டு பாடம் மட்டும் எடுக்க விடுங்கள், கட்டணத்தையும் எடுக்கும் பாடத்துக்கு மட்டும் அறவிடுங்கள். ஒரு தவணை இடைநிறுத்தித் திரும்பி வருவதற்கான விதியை மூதவைக்கு (செனற்) போகும் முதல் ஆவணத்திலேயே எழுதிவிடுங்கள். பிள்ளைப்பேற்றுக்காக நின்ற ஒருவர் திரும்பி வரும்போது "புதிதாகப் பதியுங்கோ" என்று சொல்லும் நிலை வரக்கூடாது.

தளத்திலிருந்து தொடங்குவது

பிரித்தானிய அரசு 2000களின் தொடக்கத்தில் 'யூகே ஈ-யூனிவேர்சிற்றி' என்று ஒன்றை ஆரம்பித்தது. பொதுப் பணத்தில் ஏறக்குறைய 50 மில்லியன் பவுண் போனது. சேர்ந்த மாணவர்கள் சுமார் 900 பேர். 2004இல் மூடிவிட்டார்கள். படிப்பவர்களுக்கு என்ன தேவை என்று கேட்காமல் தளத்தையும் வழங்கலையும் முன்னுக்கு வைத்தது அதன் தோல்விக்கு ஒரு முக்கிய காரணம் என்று பின்னர் நாடாளுமன்றக் குழு சொன்னது.

இங்கேயும் முதல் கூட்டத்திலேயே எந்த மென்பொருள், எந்தச் சேர்வர், ஸ்டூடியோவுக்கு எத்தனை கமரா என்று பேச்சு போய்விடுகிறது. மூடில் என்ற கற்றல் முகாமைத் தளத்தை (எல்எம்எஸ்) இலவசமாகவே பெறலாம். அது 2002 முதல் இருக்கிறது, நம் விரிவுரையாளர்களில் அனேகருக்குக் கை வந்ததும்கூட. தளத்துக்குச் செலவழிக்காத காசைப் பின்னால் சொல்லப்போகும் ஆட்களுக்குச் செலவழிக்கலாம்.

போனில் திறக்காத பாடம்

இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். என் கணிப்பில் தமிழ் மொழிமூலப் பாடநெறிகளை அதிகம் கெடுப்பது இதுதான்.

மூத்த விரிவுரையாளர் ஒருவர் இருபது வருடமாகச் சேர்த்த குறிப்புகள் எல்லாம் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் இருக்கும். அவரது கணினியில் அழகான தமிழ். அதே வேர்ட் கோப்பை மாணவி பஸ்ஸில் இருந்தபடி போனில் திறக்கிறார். பாமினி அங்கே இல்லை. திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகக் குவிந்து கிடக்கும். வட்ஸ்அப் குழுவில் "சேர், நோட்ஸ் திறக்குதில்லை" என்று ஒரு செய்தி வரும். யாராவது அச்சிட்டு, ஸ்கான் பண்ணி, பிடிஎவ் ஆக்கிப் போடுவார்கள். இப்போது வாசிக்கலாம், ஆனால் ஒரு சொல்லைத் தேட முடியாது, எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே போய்விடும், பார்வைக் குறைபாடு உள்ளவரின் திரைவாசிப்பான் வாயே திறக்காது. கோப்போ நாற்பது எம்பி.

யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் மாற்றியதை ஒருவர் இருந்து வாசித்துத் திருத்த வேண்டும். அட்டவணைகளும் கிரந்த எழுத்துகளும் இடையில் வரும் ஆங்கிலச் சொற்களும் குழம்பும். இதைச் செய்ய ஒரு தட்டச்சாளரை ஆறு மாதம் அமர்த்துவது ஸ்டூடியோ விளக்குகளை விட முக்கியம். உசாத்துணைக்குக் கொடுக்கும் பழைய ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத் தளத்தில் தேடிப் பாருங்கள். அது 2005 முதல் எண்ணிமப்படுத்தி வருகிறது. அங்கே இருப்பதை நீங்களும் மறுபடி ஸ்கான் பண்ணத் தேவையில்லை.

வீடியோவும் இதே கதைதான். இரண்டு மணிநேர விரிவுரையை அப்படியே பதிவுசெய்து ஏற்றிவிட்டு "எல்லாம் எல்எம்எஸ்ஸில் கிடக்கு" என்பது பலரின் வழக்கம். எடெக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் அறுபத்தொன்பது இலட்சம் தடவைகள் வீடியோ பார்க்கப்பட்டதை ஆராய்ந்து 2014இல் வெளிவந்த ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் சராசரி மாணவர் ஆறு நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை என்று தெரிந்தது. ஆகவே ஒரு கருத்துக்கு ஒரு சிறு வீடியோ, அதன் கீழே எழுத்தில் அதே விஷயம், பிறகு இரண்டு கேள்வி. கூடவே ஒலிப்பதிவையும் தனியாகப் போடுங்கள். 600 கிலோபிட் வேகத்தில் ஓடும் ஒரு மணிநேர வீடியோவுக்குச் சுமார் 270 எம்பி டேட்டா போகும். 32 கிலோபிட் ஒலிப்பதிவு 15 எம்பிக்குள் முடிந்துவிடும். மாதக் கடைசியில் பக்கேஜ் தீர்ந்துபோய் இருப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிது. பஸ்ஸில் இருப்பவருக்கும் காதில் கேட்பதுதான் வசதி.

சேர்த்துவிட்டுத் தனியே விடுவது

வெளிவாரிப் பட்டம் நமக்குப் புதிதல்ல. கொழும்புப் பல்கலைக்கழகம் பிஐடி என்ற தகவல் தொழினுட்பப் பட்டத்தை 2000 முதல் நடத்துகிறது. திறந்த பல்கலைக்கழகம் 1980இலிருந்து இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் அதற்குப் பிராந்திய நிலையமும் உண்டு. பாடத்திட்டமும் பரீட்சையும் பல்கலைக்கழகத்தினுடையவை. ஆனால் விளங்காத இடத்தை விளங்கப்படுத்தியது, பழைய வினாத்தாள் செய்வித்தது, வராத பிள்ளைக்குப் போன் எடுத்து "ஏன் வரேல்லை?" என்று கேட்டது எல்லாம் யார்? வெளிவாரி மாணவர் பலருக்கு ஊர் டியூட்டரி என்ற தனியார் வகுப்புதான். திறந்த பல்கலைக்கழகத்தின் டே ஸ்கூல் என்ற நேரடி வகுப்பும் தன் பங்குக்கு ஆட்களை ஒரே அறையில் இருத்தியது. ஊர் விட்டு ஊர் பரந்திருக்கும் வகுப்புக்கு டியூட்டரி கிடையாது. அந்த வேலையை நிறுவனமே எடுக்காவிட்டால் அதை யாரும் செய்யப்போவதில்லை.

அமெரிக்காவின் ஜோர்ஜியா ரெக் பல்கலைக்கழகம் 2014இல் தொடங்கிய இணையவழிக் கணினி முதுமாணியைப் பலர் உதாரணம் காட்டுவார்கள்: முழுப் பட்டத்துக்கும் சுமார் 7000 டொலர், பல்லாயிரம் மாணவர்கள். அது மலிவாக நடப்பதைப் பார்க்கிறோம். அங்கே உதவி ஆசிரியர்கள் பெருந்தொகையில் வேலைசெய்வதைப் பார்ப்பதில்லை. அந்தப் படிப்பை முடித்தவர்களே பலர் திரும்பி வந்து அந்த வேலையைச் செய்கிறார்கள்.

இங்கே ஒரு இணைப்பாளர், அவருக்கு 150 மாணவர், மேலதிகமாக அவரது வழமையான விரிவுரைகள். இப்படி வைத்தால் அவர் இரவு பதினொரு மணிக்கு வட்ஸ்அப்பில் பதில் போட்டே களைத்துவிடுவார். முப்பது பேருக்கு ஒரு உதவி ஆசிரியர் என்று அமர்த்துங்கள். வேலைதேடும் புதிய பட்டதாரிகளுக்கு இங்கே பஞ்சமில்லை. அவருக்கு இரண்டு கடமைதான்: கேள்விக்கு 48 மணிநேரத்துக்குள் பதில்; ஒரு கிழமை தளத்துக்குள் வராதவருக்குப் போன். மின்னஞ்சல் போதாது. முதல் ஆறு வாரம் மிக முக்கியம். முதல் ஒப்படையை மூன்றாம் வாரத்தில், சின்னதாக வைத்து, ஒரு கிழமைக்குள் திருத்திக் கொடுங்கள். தவணை முடியும்போது மொத்தமாகத் திருத்திக் கொடுத்தால் அது புள்ளி மட்டுந்தான். அதிலிருந்து மாணவர் கற்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

விரிவுரையாளரின் நேரமும் கணக்கில் வரவேண்டும். ஒரு பாடத்தை இணையத்துக்கு எழுதுவது புதிய பாடம் ஒன்றை உருவாக்குவதற்குச் சமமான வேலை. வேலைப்பளுவில் குறைப்பும் கொடுப்பனவும் இல்லாமல் "கொஞ்சம் செய்து தாங்கோ" என்று கேட்டால், பழைய ஸ்லைட்டுக்கு மேல் குரல் பதிந்துதான் வரும். அவர் விலகிப் போனபின் அந்தப் பதிவு யாருக்குச் சொந்தம் என்பதையும் முதலே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

பரீட்சையைக் கடைசியில் யோசிப்பது

பாடம் முழுக்க இணையத்தில், பரீட்சை மட்டும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு மண்டபத்தில், அதுவும் நவம்பர் கடைசியில் என்று வைத்துப் பாருங்கள். வடகீழ்ப் பருவமழைக் காலம். கடல் கொந்தளித்தால் குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகு ஓடாது. மன்னாரிலிருந்து வருபவர் முதல்நாளே வந்து தங்க வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு நிலையம், இல்லாவிட்டால் மழைக்கு முன்னரோ பின்னரோ ஒரு திகதி.

முழுப் பரீட்சையையும் வீட்டிலிருந்தே வெப்கமில் கண்காணிப்போம் என்பது அடுத்த ஆசை. மூன்று தலைமுறை ஒரே வீட்டில் இருக்கும் இடத்தில் அறைக்குள் யாரும் வரக்கூடாது என்ற விதி யாரைத் தண்டிக்கும் என்று தெரிந்ததுதான். முகத்தைப் பதிவுசெய்து வைப்பதென்றால் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் யோசிக்க வேண்டும். சற்ஜிபிடி எழுதிக் கொடுக்கும் கட்டுரைகளைப் பிடிக்க வேறு மென்பொருள் வாங்குவதை விட, ஒப்படை தந்த ஒவ்வொருவரோடும் ஐந்து நிமிடம் போனில் கதைத்துப் பாருங்கள். "இந்த முடிவுக்கு எப்படி வந்தீர்கள்?" என்ற ஒரு கேள்வி போதும். முப்பது பேருக்கு ஒரு உதவி ஆசிரியர் இருந்தால் இது இரண்டரை மணிநேர வேலை.

ஒப்படை முடிவுத் திகதியை ஞாயிறு நள்ளிரவு என்று வைத்து, ஒரு நிமிடம் பிந்தினாலும் தளம் பூட்டிக்கொள்ளும்படி அமைப்பதும் வழக்கம். 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் இல்லாமல் இருந்த நாடு இது. காரணம் கேட்காத 48 மணிநேர அவகாசத்தை எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்துவிடுங்கள். கடிதம் வாங்கி, கோப்பில் போட்டு, குழு கூடி முடிவெடுக்கும் சோலியும் மிச்சம்.

கூட்டாளியிடம் முழுவதையும் கொடுப்பது

மாணவர் சேர்ப்பு, தளம், விளம்பரம் எல்லாவற்றையும் ஒரு கம்பெனி பார்க்கும், கட்டணத்தில் பாதி அவர்களுக்கு என்று ஒப்பந்தம் வரும்போது கவனம். அமெரிக்காவில் இந்தத் தொழிலில் முன்னணியில் இருந்த 2யூ, 2021இல் எடெக்ஸை 800 மில்லியன் டொலருக்கு வாங்கி, 2024 ஜூலையில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. அப்படிப்பட்ட கம்பெனி ஒன்று விழுந்தால் மாணவர் பட்டியலும் பாடப் பதிவுகளும் யார் கையில் இருக்கும்? மாணவர் சேர்ப்பையும் தரவையும் உங்கள் கையிலேயே வைத்திருங்கள்.

புலம்பெயர் மாணவர் மேல் பலருக்குக் கண். டொலரில் கட்டணம் வரும்தான். யாழ்ப்பாணத்தில் மாலை ஏழு மணிக்கு வகுப்பென்றால் கோடையில் லண்டனில் பிற்பகல் இரண்டரை, ரொறன்ரோவில் காலை ஒன்பதரை. இரண்டு இடத்திலும் வேலைநேரம். அவர்களைச் சேர்ப்பதென்றால் நேரலையை நம்பாமல் பாடத்தை அமைக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்களை விளம்பரத்தில் கூப்பிடாதீர்கள்.

அங்கீகாரத்தைப் பிறகு பார்க்கலாம் என்பது

இங்கே பட்டம் எடுப்பவர்களில் அனேகருக்குக் கண் பதவி உயர்வில், அரச வேலையில். தனியார் நிறுவனம் தானே பட்டம் வழங்குவதென்றால் 1978ஆம் ஆண்டு 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் அங்கீகாரம் வேண்டும். வெளிநாட்டுப் பட்டமென்றால் அந்தப் பல்கலைக்கழகத்தை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று பார்க்க வேண்டும். "விண்ணப்பித்திருக்கிறோம்" என்ற நிலையில் ஆட்களைச் சேர்க்காதீர்கள். சான்றிதழில் 'இணையவழி' என்று அச்சிடப்படுமா, அரச வேலைக்கும் பதவி உயர்வுக்குமான சேவைப் பிரமாணக் குறிப்பில் அந்தப் பட்டம் பொருந்துமா என்பதற்கும் எழுத்தில் பதில் வைத்திருங்கள். சேர வருபவர் கேட்காவிட்டாலும் அவரது தகப்பனார் கேட்பார்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, அனேகமாக எந்தத் திட்ட ஆவணத்திலும் இருப்பதில்லை: பாடநெறியை நிறுத்த வேண்டி வந்தால் என்ன செய்வது? மூன்றாம் தொகுதிக்குப் பன்னிரண்டு பேர்தான் விண்ணப்பித்தார்கள், புதிதாகச் சேர்ப்பதை நிறுத்துகிறோம் என்று பேரவை முடிவெடுக்கலாம். உள்ளே இருப்பவர்கள் அரைநேர வேகத்தில் போகிறவர்கள், அவர்களுக்கு இன்னும் நாலைந்து வருடம் கிடக்கும். அவர்கள் முடிக்கும்வரை பாடம் நடத்தவும், தவறிய பாடத்துக்கு மறுபரீட்சை வைக்கவும் ஒரு தொகையை முதல் வருடக் கட்டணத்திலிருந்தே ஒதுக்கி, தனிக் கணக்கில் போட்டு, வேறு எதற்கும் எடுக்க முடியாதபடி நிதிக் குழுவில் தீர்மானம் எழுதிவையுங்கள்.