புதுக் காயைத் தள்ளிவிடும் குழந்தைக்கு அதைப் பழக்குவது எப்படி?

இட்லி, பருப்பு சாதம், தயிர் சாதம். இரண்டு வயதில் என் மகள் சாப்பிட்டது இவ்வளவுதான். ரசத்தில் ஒரு கொத்தமல்லி இலை மிதந்தாலே தட்டைத் தள்ளிவிடுவாள். இப்போது பீன்ஸ் பொரியலையும் முருங்கைக்கீரையையும் தானே எடுத்துச் சாப்பிடுகிறாள். நாங்கள் செய்ததை அதே வரிசையில் எழுதுகிறேன்.

ஒன்றரை முதல் நான்கு வயது வரை உள்ள, எடை ஒழுங்காக ஏறுகிற குழந்தைகளுக்கு இது பொருந்தும். எடை குறைந்தாலோ, சாப்பிடும்போதெல்லாம் புரையேறினாலோ, அடிக்கடி வாந்தி எடுத்தாலோ, முன்பு சாப்பிட்டதையும் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தாலோ முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

"எட்டு மாதத்தில் எதைக் கொடுத்தாலும் சாப்பிட்டானே, இப்போது என்ன ஆச்சு?" என்ற கவலை எல்லா வீட்டிலும் உண்டு. பிறந்த எடை ஒரு வயதுக்குள் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. இரண்டாவது வருடம் முழுக்க ஏறுவதோ 2 முதல் 2.5 கிலோ வரைதான். வளர்ச்சி நிதானமானதும் பசியும் குறைகிறது. புது உணவைக் கண்டு மிரள்வதும் இந்த வயதில்தான் தொடங்குகிறது. இரண்டும் இயல்பானவை.

படி 1: பசி வர இடம் கொடுங்கள்

காலை, மதியம், மாலை டிபன், இரவு. இந்த நான்கு வேளைக்கும் நடுவில் தண்ணீர் மட்டும். ஒரு நாளைக்குப் பால் 500 மில்லியைத் தாண்ட வேண்டாம். பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு. வயிறு பாலாலேயே நிறைந்தால் சாப்பாடும் இறங்காது, இரத்தசோகையும் வரலாம். பாலைச் சாப்பாட்டுக்குப் பிறகு டம்ளரில் கொடுங்கள். பாட்டில் இருந்தால் இப்போதே நிறுத்திவிடலாம். அழுகையை அடக்க நீட்டும் பிஸ்கட், ரஸ்க் எல்லாம் கணக்கில் சேரும்.

படி 2: உட்காரும் இடம்

தரையில் எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள். போன், டிவி வேண்டாம். கார்ட்டூன் பார்த்தபடி வாய் திறக்கும் குழந்தைக்குத் தான் என்ன சாப்பிடுகிறோம் என்பதே தெரியாது. பிறகு அது எப்படிப் பழகும்?

தட்டு விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. தரையோடு ஒட்டிக்கொள்ளும் சிலிகோன் தட்டு தேவையே இல்லை. விளிம்பு உயர்ந்த சின்ன எவர்சில்வர் தட்டும், பக்கத்தில் ஒரு குட்டிக் கிண்ணமும் போதும். கிண்ணம் எதற்கு என்று பிறகு சொல்கிறேன். கீழே பழைய வேட்டி ஒன்றை விரித்துவிட்டுக் குழந்தையின் கையாலேயே சாப்பிட விடுங்கள்.

படி 3: ஒரே ஒரு துண்டு

தெரிந்த உணவு வயிறு நிறையும் அளவுக்குத் தட்டில் இருக்க வேண்டும். ஓரத்தில் புதுக் காய் ஒரே ஒரு துண்டு, சுண்டுவிரல் நகமளவு. ஒரு கரண்டி பொரியலைக் கண்டாலே குழந்தை மலைத்துவிடும்.

காயை அரைத்துப் பருப்பு சாதத்தில் கலந்து ஊட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன். சத்து போகும், சரி. ஆனால் காயின் உருவமும் கடியும் மணமும் பழகாது. ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டால் பருப்பு சாதத்தையே நம்பாமல் போய்விடும்.

படி 4: பேசாமல் இருங்கள்

எங்கள் வீட்டில் அதிக நாள் எடுத்தது இந்தப் படிதான். மற்றதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். இது பெரியவர்கள் மாற வேண்டிய இடம்.

"ஒரே ஒரு வாய்டா தங்கம்." "அண்ணன் பாரு, எப்படிச் சாப்பிடறான்!" "காயைச் சாப்பிட்டா சாக்லேட் தருவேன்." இவை மூன்றும் வேண்டாம். கெஞ்சினாலும் ஒப்பிட்டாலும் ஆசை காட்டினாலும் குழந்தைக்குப் புரிவது ஒன்றுதான்: இதில் ஏதோ இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள். சாக்லேட் பேரத்தில் சாக்லேட்டின் மதிப்பு ஏறும், காயின் மதிப்பு இறங்கும். ஒரு துண்டு வாய்க்குள் போனதும் வீடே கைதட்டுவதும் இதே ரகம். அடுத்த முறை எல்லாக் கண்களும் தன்மேல் இருப்பதை உணர்ந்து வாயை மூடிக்கொள்ளும்.

அமெரிக்க ஊட்டச்சத்து நிபுணர் எலின் சாட்டர் இந்தப் பொறுப்பைத் தெளிவாகப் பிரித்தார். என்ன, எப்போது, எங்கே என்பதைப் பெற்றோர் முடிவு செய்ய வேண்டும். சாப்பிடுவதா, எவ்வளவு என்பதைக் குழந்தை முடிவு செய்யட்டும்.

அப்படியானால் பேசாமல் என்ன செய்வது? நீங்கள் அதே பொரியலைச் சாப்பிடுங்கள். மாடியில் பார்த்த காக்காவைப் பற்றிப் பேசுங்கள். குழந்தை காயைத் தொட்டு, நசுக்கி, நக்கித் துப்பினால் அது முன்னேற்றம்தான். அதற்குத்தான் அந்தக் குட்டிக் கிண்ணம்: "வேண்டாம்னா இதுல போட்டுடு." வேண்டாம் என்று சொல்ல வழி இருந்தால்தான் குழந்தை துணிந்து வாயில் வைக்கும். இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆனதும் தட்டை எடுத்துவிடுங்கள். முகம் சுளிக்க வேண்டாம். சாப்பிடவில்லையே என்று அரை மணியில் பாலைக் கொடுத்து ஈடுகட்டவும் வேண்டாம்.

படி 5: அதே காய், மறுபடியும்

பத்துப் பதினைந்து முறை கண்ட பிறகே பல குழந்தைகள் ஒரு காயை ஏற்றுக்கொள்கின்றன. நாம் மூன்றாவது முறையிலேயே "இவனுக்குப் பிடிக்காது" என்று முடிவு கட்டுகிறோம், அதுவும் அவன் காதுபட. ஒரு காயைத் தேர்ந்தெடுத்து இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வையுங்கள்.

இனிப்பானதில் தொடங்குவது எளிது: சர்க்கரைவள்ளி, பரங்கி, கேரட். ஏற்கெனவே பிடித்ததற்குப் பக்கத்திலிருந்தும் போகலாம். மொறுமொறு உருளை வறுவல் பிடித்த குழந்தைக்குப் பீட்ரூட்டை அதேபோல் மெலிதாக வறுத்துக் கொடுங்கள். (மறுநாள் மலம் சிவப்பாகப் போனால் பதற வேண்டாம், பீட்ரூட்டின் நிறம்தான்.) கீரை ஆய, பட்டாணி உரிக்கக் கூடவே உட்கார வைத்துக்கொள்ளுங்கள். என் மகள் முருங்கைக்கீரையை முதலில் வாயில் போட்டது சமையலறைத் தரையில்தான், தட்டில் அல்ல.

முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை, பச்சைக் கேரட் துண்டு இந்த வயதில் தொண்டையில் அடைக்கும். காயை விரலால் நசுங்கும்வரை வேகவையுங்கள், திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். புதுக் காய் பட்டுக் குழந்தை சத்தத்தோடு ஓங்கரித்தால் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். சத்தமே வராமல் திணறினால்தான் அடைப்பு. அதற்கான முதலுதவியை வீட்டில் ஒருவராவது கற்றிருக்க வேண்டும்.

பிறகு சேர்த்தவை

நிறையப் பேர் கேட்டது பாட்டிகளைப் பற்றி. கிண்ணத்தோடு பின்னாலேயே ஓடி ஊட்டுவதுதான் அவர்களுக்குத் தெரிந்த அன்பு. அதைத் தடுத்துச் சண்டை போடுவதை விட வேறு வேலை கொடுங்கள். எங்கள் அத்தையிடம், "நீங்க பக்கத்துல உட்கார்ந்து உங்க தட்டுல சாப்பிடுங்க அத்தை, உங்களைப் பார்த்துத்தான் அவ கத்துக்கணும்" என்று சொன்னோம். அது வேலை செய்தது.

காய்ச்சல், சளி சமயத்தில் புது உணவு எதையும் வைக்காதீர்கள். கஞ்சியோ இட்லியோ, கேட்பதைக் கொடுங்கள். உடம்பு தேறிய பிறகு பழகிய காய்களையும் சில நாள் மறுக்கலாம். அப்போது படி 3-க்குத் திரும்பி, கடைசியாக விரும்பிச் சாப்பிட்ட காயில் ஒரு துண்டு வையுங்கள்.