அக்கிலிஸ் நாண் வலி: வீட்டுப் படிக்கட்டிலேயே செய்யும் சிகிச்சை

தென்னாப்பிரிக்காவின் நெடுந்தூர ஓட்டப் போட்டியான காம்ரேட்ஸ் மாரத்தான் டர்பனில் தொடங்கும் ஆண்டுகளில் கௌவீஸ் ஹில், ஃபீல்ட்ஸ் ஹில் என்று ஏற்றத்துக்கு மேல் ஏற்றம். அதற்காக டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதி மேடுகளில் புதிதாகப் பயிற்சி எடுப்பவர்களுக்குக் குதிகாலின் பின்புறம் வலிப்பது சகஜம். ஏற்றத்தில் கணுக்கால் அதிகம் மடங்குவதால், கெண்டைச்சதையைக் குதிகாலோடு இணைக்கும் அக்கிலிஸ் நாண் கூடுதலாக இழுபடுகிறது. ஓடும் தூரத்தைத் திடீரென்று கூட்டினால் அது தாங்காது.

முதலில் வலி எங்கே என்று விரலால் அழுத்திப் பாருங்கள். குதிகால் எலும்புக்கு 2 முதல் 6 செ.மீ. மேலே வலித்தால் நாணின் நடுப்பகுதி. எலும்பில் ஒட்டும் இடத்திலேயே வலித்தால் பயிற்சி சற்று மாறும். 'டப்' என்று வெடித்தது போல உணர்ந்து, ஒற்றைக்காலில் குதிகாலைத் தூக்க முடியாமல் போனால் நாண் அறுந்திருக்கலாம்; அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் சாப்பிடும்போது வலி வந்தாலும் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். அந்த மருந்து நாணைப் பலவீனப்படுத்தக்கூடியது.

பலரும் மாதக்கணக்கில் ஓய்வெடுக்கிறார்கள். வலி அடங்கும், நாணின் பலமும் குறையும். திரும்ப ஓடினால் மறுபடி வலிக்கும். நாணுக்குத் தேவை அளவான சுமை.

வலி கடுமையாக இருக்கும் முதல் வாரத்தில் ஏற்ற ஓட்டத்தையும் வேக ஓட்டத்தையும் நிறுத்துங்கள். இரண்டு டேக்கிகளிலும் (ஓட்டக் காலணிகளிலும்) குதிகாலுக்கு அடியில் 1 செ.மீ. உயர அட்டை வையுங்கள். குதிகாலைத் தூக்கி 45 விநாடி அசையாமல் நிற்க வேண்டும். இடையில் 2 நிமிடம் விட்டு, இப்படி 5 முறை.

அது பழகியதும் படிக்கட்டுக்கு வாருங்கள். கைப்பிடியைப் பிடித்தபடி முன்பாதத்தைப் படியின் விளிம்பில் ஊன்றி, இரண்டு கால்களாலும் எழும்புங்கள். பிறகு நல்ல காலை எடுத்துவிட்டு, வலிக்கும் காலால் மட்டும் மெல்ல, மிக மெல்ல, குதிகாலைப் படி மட்டத்துக்குக் கீழே இறக்குங்கள். முழங்கால் நேராக 15 தடவை வீதம் 3 சுற்று. லேசாக மடக்கி இன்னொரு 3 சுற்று. காலையும் மாலையும், 12 வாரம். ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃபிரட்சன் 1998இல் வெளியிட்ட முறை இது. எலும்பில் ஒட்டும் இடத்தில் வலி உள்ளவர்கள் தரையில் நின்றே செய்யுங்கள். கீழே இறக்கினால் நாண் எலும்போடு நசுங்கும். சுலபமாகிவிட்டால் முதுகுப்பையில் 5 கிலோ மீலி மீல் (மக்காச்சோள மாவு) பையை வைத்துக்கொள்ளலாம்.

பயிற்சியில் பத்துக்கு ஐந்து வரை வலி பரவாயில்லை. மறுநாள் காலை வலியோ விறைப்போ கூடியிருந்தால் மட்டும் சுமையைக் குறைத்துக்கொள்ளுங்கள். அவசரமாக இறக்குவதும், மூன்றாம் வாரமே "சரியாகிவிட்டது" என்று விட்டுவிடுவதும்தான் இதைக் கெடுக்கின்றன. வலியை மறைக்க ஐபுபுரோஃபென் போட்டுக்கொண்டு நீண்ட தூரம் ஓடவே கூடாது. உடலில் நீர் வற்றியிருக்கும் நேரத்தில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

30 நிமிட வேக நடையில் வலி கூடவில்லை என்றால் கடற்கரை நடைபாதையின் சமதளத்தில் ஓடத் தொடங்கலாம்: 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 10 தடவை, ஒருநாள் விட்டு ஒருநாள். 30 நிமிடம் நிற்காமல் ஓட முடிந்த பிறகே ஏற்றம். அதுவும் முதல் இரண்டு வாரம் நடந்து ஏறுங்கள்.