நோட்புக்கா, டாஷ்போர்டா? ஒரு லாரி அலுவலகத்தின் கணக்கை வைத்து முடிவு செய்யும் முறை

திருவொற்றியூர், மணலி, மாதவரம் வட்டாரத்தில் டிரெய்லர் லாரி ஓட்டும் அலுவலகங்களில் தரவுக்குப் பஞ்சமில்லை. டிரிப் ஷீட், டீசல் பில், ஃபாஸ்டேக் கணக்கு, ஜிபிஎஸ் பதிவு, துறைமுகக் கேட்டுக்குள் வண்டி நுழைந்த நேரம், வெளியே வந்த நேரம் என எல்லாம் எக்செல் தாள்களில் குவிந்து கிடக்கின்றன. இவற்றை ஒழுங்குபடுத்த உட்காரும்போது, பைத்தான் நிரல்மொழி படித்த இளைஞர், நிரலையும் அதன் விடையையும் ஒரே பக்கத்தில் வைக்கும் ஜூபிட்டர் நோட்புக் போதும் என்பார். கணக்குப் பார்ப்பவர், எண்களை டாஷ்போர்டாக, அதாவது ஒரே திரையில் வரைபடங்களாகக் காட்டும் பவர் பிஐ மென்பொருளைப் போட்டுவிடலாம் என்பார். மென்பொருள்களை ஒப்பிடத் தொடங்கும் முன், முதலாளி கேட்கும் கேள்விகளை ஒரு வாரத்துக்கு ஒரு தாளில் எழுதி வையுங்கள். தேர்வின் பெரும்பகுதி அந்தத் தாளிலேயே முடிந்துவிடும்.

எழுதிய கேள்விகள் இரண்டு வகையாகப் பிரிவதைக் காண்பீர்கள். நேற்று எத்தனை டிரிப், எந்த வண்டிக்கு டீசல் கூடுதல், எந்த வாடிக்கையாளரிடம் பாக்கி நிற்கிறது என்பவை நாள்தோறும் ஒரே வடிவில் வருபவை. இவற்றுக்கு பவர் பிஐ, டாப்லோ, லுக்கர் ஸ்டுடியோ போன்ற பிசினஸ் இன்டெலிஜென்ஸ் மென்பொருளே பொருத்தம். ஒருமுறை அமைத்துவிட்டால், நிரல் எழுதத் தெரியாதவரும் மாதத்தையோ வண்டி எண்ணையோ சொடுக்கிப் பார்த்துக்கொள்வார். கேட்டில் காத்திருக்கும் நேரம் ஏன் கூடுகிறது, இரவில் அனுப்பினால் குறையுமா என்பவை வேறு வகை. இவற்றுக்கு விடை தேடும்போது கேள்வியே இரண்டு மூன்று முறை மாறும். ஒவ்வொரு அடியையும் நிரலாகவும், அதன் காரணத்தைப் பக்கத்திலேயே உரையாகவும் எழுதி வைக்கும் வசதி நோட்புக்கில் இருக்கிறது. மிக்ஜாம் புயலால் நகரம் வெள்ளத்தில் நின்ற 2023 டிசம்பர் 4-ஐ ஒட்டிய நாட்களைக் கணக்கிலிருந்து விலக்கினால், ஏன் விலக்கினோம் என்ற குறிப்பு அந்த வரிக்கு மேலேயே இருக்கும். ஆறு மாதம் கழித்து யாரும் உங்களைத் தேடி வந்து கேட்க வேண்டியிராது.

புதிய தரவு எதுவாயினும் முதலில் நோட்புக்கில் திறந்து பார்ப்பதே நல்லது என்பது என் கருத்து. அதற்குக் காரணம் ஒரு பழைய சறுக்கல். ஒரு லாரி அலுவலகத்துக்கு நான் நேரே டாஷ்போர்டு அமைத்துக் கொடுத்தேன். சராசரிக் காத்திருப்பு நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக வந்தது. பதிவேட்டில் ஒரே ஒரு தேதியும் இரண்டு நேரங்களும் மட்டுமே எழுதியிருந்தார்கள். இரவு 11 மணிக்கு நுழைந்து அதிகாலை 2 மணிக்கு வெளியே வந்த வண்டிக்கு, 3 மணி நேரத்துக்குப் பதிலாக −21 மணி நேரம் என்று கழித்தல் விடை கிடைத்திருந்தது. ஒன்பது வண்டிகள் மும்மூன்று மணி நேரம் நின்றிருந்தாலும், பத்தாவது வண்டி இப்படிப் பதிவானால் சராசரி 36 நிமிடமாகச் சுருங்கிவிடும். வண்ணப் பட்டை வரைபடத்தில் இந்தப் பிழை தெரியவே இல்லை. நோட்புக்கில் மிகச் சிறிய மதிப்பு எது என்று ஒரு வரி கேட்டிருந்தால் முதல் நிமிடத்திலேயே தெரிந்திருக்கும்.

கழித்தலாக வரும் இடங்களில் 24 மணி நேரத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்ததும் பாதிதான் உண்மை. வரிசையில் ஒரு நாளுக்கு மேல் நின்று 27 மணி நேரம் கழித்து வந்த வண்டியும் அதே 3 மணி நேரமாகத்தான் தெரியும். ஆகவே, வெளியே வந்த தேதிக்கும் பதிவேட்டில் தனிக் கட்டம் போடச் சொல்லுங்கள்; எந்த மென்பொருளும் இதற்கு ஈடு செய்யாது. தேதி வடிவத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள். 03/04/2024 என்பதை பைத்தானின் பாண்டாஸ் நூலகம் நாமாகச் சொல்லாவிட்டால் மார்ச் 4 என்றே வாசிக்கும். பவர் பிஐயிலும் இந்திய வட்டார வடிவத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ஒன்றிரண்டு வண்டிகள் நாள்கணக்கில் நின்ற மாதத்தில் சராசரியை மட்டும் நம்பாமல் இடைநிலை அளவையும் (எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது) சேர்த்துப் பாருங்கள்.

நோட்புக்குக்கும் குறைகள் உண்டு. நிரல் எழுதும் அதன் கட்டங்களை எந்த வரிசையிலும் இயக்கலாம் என்பதால், அழித்துவிட்ட வரியின் விடை நினைவகத்தில் ஒளிந்திருந்து முடிவை மாற்றிவிடும். யாருக்கும் காட்டும் முன், நிரலை இயக்கும் பின்னணிப் பகுதியான கர்னலை மறுதொடக்கம் செய்து, எல்லாக் கட்டங்களையும் மேலிருந்து கீழாக ஒருமுறை ஓட்டுங்கள். கணினி பழையதென்றால், நோட்புக்கை இணையத்திலேயே இயக்கும் கூகுள் கோலாப் கைகொடுக்கும். ஆனால் அமர்வு முடிந்ததும் அங்கே ஏற்றிய கோப்புகள் போய்விடும் என்பதால் கூகுள் டிரைவில் சேமித்துக்கொள்ளுங்கள். நோட்புக் கோப்புக்குள் அட்டவணைகளும் சேர்ந்தே பதிவாகியிருக்கும் என்பதை மறந்து அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், வாடிக்கையாளர் பெயரும் கட்டணமும் கூடவே போகும்.

செலவு விஷயத்தில் இலவசம் என்ற சொல்லைச் சற்று நிறுத்தி வாசியுங்கள். பவர் பிஐ டெஸ்க்டாப் இலவசம், ஆனால் விண்டோஸில் மட்டுமே இயங்கும். அறிக்கையைப் பிறருடன் முறையாகப் பகிர, பொதுவாகப் பகிர்பவருக்கும் பார்ப்பவருக்கும் கட்டண உரிமம் வேண்டும். அதைத் தவிர்க்க வலையில் வெளியிடும் வசதியைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். அந்த இணைப்பு கிடைத்த எவரும் கடவுச்சொல் இல்லாமலே பார்க்கலாம் என்பதால், வாடகைக் கணக்குக்கு அது ஆகாது. பவர் பிஐயின் புரோ என்ற கட்டண உரிமத்தில் தரவைத் தானாகப் புதுப்பிப்பது நாளுக்கு 8 முறைதான். கோப்பு அலுவலகக் கணினியில் இருந்தால் கேட்வே என்ற இணைப்பு மென்பொருளை நிறுவி, புதுப்பிக்கும் நேரத்தில் அந்தக் கணினியை அணைக்காமலும் வைக்க வேண்டும். இரண்டு மூன்று பேர் மட்டுமே பார்க்கப்போகிறார்கள் என்றால் லுக்கர் ஸ்டுடியோவும் கூகுள் ஷீட்டும் போதும்.

முந்தைய மாதத்தைவிட ஏற்றமா இறக்கமா என்று டாஷ்போர்டில் காட்டும் வண்ண அம்புக்குறிகளைப் பற்றியும் ஒரு சொல். காசிமேட்டில் மீன் ஏற்றுபவருக்கோ ஐஸ் விற்பவருக்கோ இதே டாஷ்போர்டை அமைத்தால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், மே மாதத்துக்கு நேரே ஒரு சிவப்பு அம்பு கீழ்நோக்கி நிற்கும். அது எவருக்கும் எதையும் சொல்லவில்லை. முந்தைய மாதத்தோடு ஒப்பிடாமல் முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடும்படி அமையுங்கள்.

இரண்டும் தேவைப்படும் அலுவலகத்தில், தேதி, காத்திருப்பு நேரம், டிரிப் என்பவற்றின் பொருளை நோட்புக்கில் உறுதிசெய்து, திருத்திய அட்டவணையை ஒரு கோப்பாகவோ தரவுத்தளத்திலோ எழுதி, டாஷ்போர்டு அதை மட்டும் வாசிக்கும்படி செய்யுங்கள். அதே கணக்கை இரண்டு இடத்திலும் தனித்தனியாக எழுதினால், ஒருநாள் இரண்டும் வேறு வேறு எண்ணைக் காட்டும். டாஷ்போர்டு ஓடத் தொடங்கிய பிறகும், மாதம் ஒருமுறை கேட் பதிவேட்டிலிருந்து பத்து டிரிப்புகளை எடுத்து, அவற்றில் நள்ளிரவைத் தாண்டியவை குறைந்தது இரண்டு இருக்கும்படி பார்த்து, கையால் கணக்கிட்டுத் திரையில் உள்ளதோடு ஒப்பிடுங்கள்.