வால்யூம் ஃபுல்லா? டேட்டாசெட்டை நகர்த்தும் முன் இதைப் பாருங்கள்

மெயின்ஃப்ரேமில் ராத்திரி பேட்ச் ஜாப்கள் ஓடும்போது பி37 (இடம் போதாதபோது வரும் எரர்; டி37, இ37-உம் அதே வகை) விழுந்தால், சேலத்தில் எங்கள் ஷிஃப்டுக்குப் புதிதாக வந்த தம்பி தங்கச்சிகள் முதலில் கேட்பது, "அண்ணா, எதை எந்த வால்யூமுக்கு மூவ் பண்ணட்டும்?" என்பதுதான். மூவ் பண்ணுவது கடைசி வேலை. முதலில் எது நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள்: வால்யூமா (டிஸ்க்), அதற்குள் இருக்கும் டேட்டாசெட்டா (ஃபைல்).

டி37 என்றால் வால்யூமைத் தொடவே வேண்டாம். ஜேசிஎல்-இல் (ஜாபை ஓட்டும் ஸ்கிரிப்ட்) செகண்டரி ஸ்பேஸ் (முதலில் கேட்ட பிரைமரி இடம் தீர்ந்தால் கூடுதலாக எடுக்கும் இடம்) கொடுக்காமல் விட்டிருப்பார்கள், அவ்வளவுதான். பி37 என்றால் வால்யூமில் இடமில்லை, அல்லது அந்த டேட்டாசெட் 16 எக்ஸ்டென்ட்டையும் (இடத் துண்டுகள்) தின்று தீர்த்துவிட்டது. இ37 பெரும்பாலும் பிடிஎஸ்-இல் (பல மெம்பர்களை உள்ளே வைத்திருக்கும் லைப்ரரி) வரும், கம்ப்ரெஸ் (பழைய மெம்பர்கள் விட்ட இடத்தை மீட்பது) பண்ணினாலே பாதி நேரம் சரியாகிவிடும் (சிஸ்டம் புரோகிராம்களைத் தேடும் லிங்க்லிஸ்ட்டில் இருக்கும் லைப்ரரியை மட்டும் ஓடுகிற சிஸ்டத்தில் கம்ப்ரெஸ் பண்ணிவிடாதீர்கள், சாமி).

அடுத்து ஐஎஸ்பிஎஃப் மெனுவில் 3.4-க்குப் (டேட்டாசெட் லிஸ்ட்) போய், வால்யூம் சீரியலை (அதன் பெயர்) போட்டு, வி ஆப்ஷன் கொடுங்கள். எல்லாரும் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பதை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். உண்மையில் பார்க்க வேண்டியது "லார்ஜஸ்ட்" என்ற வரி, அதாவது இருப்பதிலேயே பெரிய காலித் துண்டு. 10,017 சிலிண்டர் (டிஸ்க் இடத்தை அளக்கும் அலகு) உள்ள 3390 மாடல் 9 வால்யூம் 88 சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,200 சிலிண்டர் சும்மா கிடக்கும், ஆனால் பெரிய துண்டே 90 சிலிண்டர்தான் என்றால் 500 சிலிண்டர் பிரைமரி கேட்கும் ஜாப் அதில் நிற்காது. பிரைமரியை அதிகபட்சம் 5 துண்டாகத்தான் பிரித்துக் கொடுக்கும், 5 தரம் 90 என்றால் 450 தானே. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பைக்குகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி இருந்தாலும் லாரியை விட முடியாது இல்லையா, அதே கதை. டேட்டா கிளாஸில் (டேட்டாசெட்டுக்கான முன்னமைப்பு) ஸ்பேஸ் கன்ஸ்ட்ரெய்ன்ட் ரிலீஃப் (இந்த 5 துண்டு வரம்பைத் தளர்த்தும் ஆப்ஷன்) போட்டிருந்தால் தப்பிக்கலாம்; இல்லையென்றால் டிஃப்ராக் (சிதறிய காலி இடத்தை ஒன்று சேர்ப்பது) ஓட்ட வேண்டும். அதே ஸ்கிரீனில் ஃப்ரீ டிஎஸ்சிபி (வால்யூமின் அட்டவணையில் உள்ள காலிப் பதிவுகள்) எத்தனை என்றும் ஒரு பார்வை. அது தீர்ந்துபோனால் வால்யூம் பாதி காலியாக இருந்தாலும் புதுசாக ஒன்றும் உருவாகாது.

உண்மையிலேயே இடமில்லை என்று ஆனால், முதலில் ரிலீஸ். ஆயிரம் சிலிண்டர் கேட்டு வாங்கிவிட்டு நாற்பதில் எழுதி வைத்திருக்கும் சீக்வென்ஷியல் டேட்டாசெட்டுகள் எந்த மெயின்ஃப்ரேம் ஷாப்பிலும் கிடைக்கும், ஏடிஆர்டிஎஸ்எஸ்யூ யூடிலிட்டியின் ரிலீஸ் கமாண்ட் அந்த மிச்சத்தைத் திருப்பி வாங்கிவிடும். அப்புறம் எச்எஸ்எம் (பயன்படாத டேட்டாசெட்டை வேறு ஸ்டோரேஜுக்கு அனுப்பி வைக்கும் புரோகிராம்). மாசக்கணக்கில் யாரும் தொடாததை 3.4 லிஸ்ட்டிலேயே பக்கத்தில் எச்மிக் என்று அடித்து அனுப்பிவிடுங்கள், யாராவது கேட்டால் அதுவே ரீகால் ஆகி வரும்.

இதற்கும் மேல் இடம் வேண்டும் என்றால்தான் நகர்த்தல். எஸ்எம்எஸ் வால்யூம் (எதை எங்கே வைப்பது என்று சிஸ்டமே முடிவு செய்வது) என்றால் ஆபரேட்டரிடம் சொல்லி வேரி எஸ்எம்எஸ் கமாண்டால் டிசேபிள் நியூ போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் காலி பண்ணப் பண்ண வேறொரு ஜாப் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஏடிஆர்டிஎஸ்எஸ்யூ-வில் காப்பி டேட்டாசெட், கூடவே டெலீட் (பழையதை அழிக்க), கேட்டலாக் (புது இடத்தைப் பதிவு செய்ய). ஆல்டர்நேட் இண்டெக்ஸ் (வேறொரு கீயால் தேடும் துணை இண்டெக்ஸ்) உள்ள விசாம் (ஒரு டேட்டாசெட் வகை) என்றால் அதையும் சேர்த்து நகர்த்த ஸ்ஃபியர் கட்டாயம், எக்ஸ்பைரி தேதி இன்னும் வராததை அழிக்க வேண்டுமென்றால் பர்ஜ். முதல் தடவை ஜேசிஎல்-இன் பார்ம்-இல் டைப்ரன் நோரன் கொடுத்து ஓட்டினால் எதெல்லாம் தேர்வாகிறது என்று மட்டும் காட்டிவிட்டு நின்றுவிடும். ஸ்டார் போட்ட ஃபில்டரை அப்படிப் பார்க்காமல் ஓட்டுபவர்களின் தைரியம் எனக்கு இல்லை.

யாராவது பிடித்து வைத்திருந்தால் நகராது. டி ஜிஆர்எஸ் கமாண்ட் கொடுத்து எந்த ஜாப் என்று பாருங்கள். சிஐசிஎஸ் (ஆன்லைன் பரிவர்த்தனை சிஸ்டம்) ஃபைல் என்றால் அங்கே குளோஸ் பண்ணச் சொல்லுங்கள், டிபி2 டேட்டாபேஸ் என்றால் டிபிஏ-விடம் விட்டுவிடுங்கள். டாலரேட் என்க்எஃப் (பிடித்து வைத்திருப்பதைப் பொருட்படுத்தாத ஆப்ஷன்) போட்டுத் தாண்டிப் போகலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே காப்பி எடுத்தால் என்ன கிடைக்கும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

ஏற்காட்டில் இருந்து வேலை பார்ப்பவர்கள் கவனிக்க: பனியும் மழையும் சேர்ந்தால் லைன் எப்போது போகும் என்று தெரியாது. ஐஎஸ்பிஎஃப் 3.3-ஐ (காப்பி ஸ்கிரீன்) திறந்து டிஎஸ்ஓ செஷனிலேயே (நீங்கள் லாகின் செய்திருக்கும் செஷன்) பெரிய டேட்டாசெட்டைக் காப்பி பண்ணாதீர்கள். பேட்ச் ஜாபாக சப்மிட் பண்ணிவிட்டால் அது பாட்டுக்கு அங்கே ஓடும், கரண்ட் வந்ததும் எஸ்டிஎஸ்எஃப்-இல் (ஜாப் அவுட்புட் காட்டும் ஸ்கிரீன்) பார்த்துக்கொள்ளலாம்.

முடிந்ததும் ரிட்டர்ன் கோடை மட்டும் பார்த்து நிறுத்தாமல், ஏடிஆர்455 மெசேஜ் இருக்கிறதா என்று தேடுங்கள், நகராமல் நின்றவற்றின் பெயர்கள் அதற்குக் கீழே வரும். எஸ்எம்எஸ் இல்லாத டேட்டாசெட் என்றால் பழைய வால்யூம் சீரியலை எழுதியே வைத்திருக்கும் ஜேசிஎல்-களையும் தேடித் திருத்த வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் ராத்திரி டேட்டாசெட் காணோம் என்று போன் வரும். அப்புறம் அந்த வால்யூமை மறுபடி எனேபிள் பண்ணச் சொல்லிவிட்டு ஷிஃப்ட் நோட்டில் எழுதிவிடுங்கள்.